கண்ணாடிக்கு ஒரு காடி

முதலில் "சர்ர்" என்று மெலிசாக ஓர் ஓசை. அது அடியில் போய் உட்கார்ந்ததும் "டொக்" என்று இன்னொன்று. என் சின்ன வயதில் விழுப்புரத்தில் நான் கண் விழித்ததெல்லாம் இந்த ஓசையைக் கேட்டுத்தான். சேவல் கூவியதையும் ரயில் ஊதியதையும் காதில் வாங்கிக்கொண்டே தூங்குகிற ஜாதி நான், ஆனால் அம்மா தன் பெட்டியின் மரக் காடிக்குள் கண்ணாடியை இறக்குகிற அந்த ஓசைக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதன் பின்னாலேயே வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்) வெல்லப் பாகும் கலந்த வாசனை வரும். காடி என்றால் வேறொன்றுமில்லை, மரச் சட்டத்தில் நீளவாக்கில் ஓட்டிய பள்ளம், பலகையோ கண்ணாடியோ அதற்குள் இறங்கி நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. அந்த அவ்வளவுதானுக்காக எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்த கூத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அப்போது நாங்கள் ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம், அம்மாவும் மகளுமாக இரண்டே பேர். அப்பா மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதப் போயிருந்தார். சண்டை வந்து, ஜப்பான்காரன் அந்தப் பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்று எங்களைக் கேட்கத் துணிந்தவர்கள் யாருமில்லை, அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்கள். கப்பலேறுவதற்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த படம் ஒன்றை அப்பாவே கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அப்பா என்றால் அந்தப் படம்தான். தாமசு வீட்டு அம்மாள், எங்கள் எதிர்வீட்டுக்காரி, ஒரு நாள் அதற்கு ஒரு பூ வைக்கலாமே என்று சொல்லப்போக, உயிரோடிருக்கிற மனுசருக்கு எதற்குப் பூவும் பொட்டும் என்று அம்மா அந்த அம்மாளோடு ஒரு வாரம் பேசாமலிருந்தாள்.

அரிசி வாங்க வழியில்லாமல் போனபோதுதான் அம்மா மல்லாட்டை உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். திண்டிவனத்தில் பிறந்தவள், மல்லாட்டையோடு வளர்ந்தவள். எவ்வளவு வறுக்க வேண்டும், பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் மூக்கே சொல்லும். தாம்பாளத்தில் அடுக்கி, ஸ்டேஷன் வாசலில் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். முதல் சில நாட்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, கேட்பவருக்குப் பதில் சொல்லவும் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தவள்தான். அப்புறம் பார்க்க வேண்டுமே அவளை. பாண்டிச்சேரி வண்டி எப்போது, திருவண்ணாமலை வண்டி எப்போது, எது தாமதம் என்று போர்ட்டர்களே அவளைக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். உருண்டை கல்லாட்டம் இருக்குமோ என்று இழுக்கிறவர்களிடம், "வாயில போட்டுப் பாருங்க, பல்லு ஆடுச்சுன்னா துட்டே வேணாம்" என்பாள். வீட்டில் நான் கேட்டிராத ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது. அது அந்த மரத்தடியில்தான் வெளியே வந்தது, நான் அதைக் கேட்பதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஊரில் வாந்திபேதி வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, தின்பண்டத்தைத் திறந்துபோட்டு விற்கக் கூடாது, ஈ மொய்க்கிறது, கண்ணாடி போட்ட பெட்டியில் வைத்தால் விற்கலாம், இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், திட்டவில்லை, பங்குனி உத்திரம் வரைக்கும் தவணையும் கொடுத்தார். மயிலம் திருவிழாவுக்குப் போகிற கூட்டமெல்லாம் ஜங்ஷன் வழியாகத்தான் போகும். அந்தக் கூட்டத்தில் விற்றால்தான் மழைக்காலத்துக்கு அடுப்பெரியும். பெட்டிக்குப் பலகை கிடைத்துவிட்டது. கண்ணாடிதான் கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது? கடைத்தெருவில் கேட்டால், பட்டணத்திலேயே இல்லையம்மா என்று கையை விரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி அப்பாவின் முகத்துக்கு மேல் இருந்தது.

தாமசு வீட்டு அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டு, உயிரோடிருப்பவர் படத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றுவது நல்லதில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா அப்போது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நான் எடுத்துக்கல. எரவலாத்தான் வாங்கறேன். அவரு வந்து நின்னாருன்னா, அவரு கண்ணாடி அவருக்கு."

இரவல் என்று சொல்லிவிட்டாளா, அதிலிருந்துதான் வம்பு ஆரம்பித்தது. இரவல் சாமானை வாங்கினபடியே திருப்பித் தர வேண்டும். ஆகவே கண்ணாடியை அறுக்கக் கூடாது, பெட்டிதான் கண்ணாடியின் அளவுக்கு இருக்க வேண்டும். ஆணி அடித்து நிறுத்தக் கூடாது, ஓரம் உடையும். மக்குப் பசை பூசி ஒட்டக் கூடாது, அப்புறம் சுரண்டி எடுக்கும்போது கீறல் விழும். பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் இரண்டு சட்டம், சட்டத்தில் கண்ணாடி தானாக இறங்கி நிற்கிற அளவுக்குக் காடி, வேண்டும்போது மேலே உருவிக்கொள்ளலாம். அதற்கும் மேலே ஒரு நிபந்தனை: இடம் தயாராகிற வரைக்கும் கண்ணாடி படத்தைவிட்டு இறங்காது. அளவு பார்க்கக்கூட இறங்காது. படச் சட்டத்தின் பின்னால் அட்டையைக் கொஞ்சம் விலக்கி, விளிம்பை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, அஞ்சறைப் பெட்டியில் கிடந்த காசுகளை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்து, ஒரு பழைய செப்புக் காலணாவை எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியும் அதுவும் ஒரே கனம். இனி அந்தக் காலணாதான் கண்ணாடிக்குப் பதில்.

வேலை செய்ய வந்தவர் கோவிந்து மாமா, அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் கதவு ஜன்னல் செய்கிற ஒரு பட்டறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவு வேலையில் மிஞ்சிய தேக்குச் சட்டம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி வந்து இறங்கினார். பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பையைப் பிரித்தார். உள்ளே துணி சுற்றி ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தது காடி இழைப்புளி; பட்டறைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்ததாம். அதைத் தள்ளத் தள்ள, சுருள் சுருளாகச் சீவல் மேலே கிளம்பி வந்து விழுந்தது. நானும் தெருப் பிள்ளைகளும் அந்தச் சுருளைக் காதில் மாட்டிக்கொண்டு ஆடினோம். பள்ளம் கோடு போட்டாற்போல நேராக, வழுவழுவென்று விழுந்தது. மாமா நிமிர்ந்து, எப்படி என்பதுபோல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அம்மா காலணாவை அதில் நிறுத்தினாள். அது இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, கடைசியில் படுத்தேவிட்டது. கதவுக்குப் பலகை இறக்குகிற காடியல்லவா அது, விரல் கனத்துக்கு இருந்தது. மாமா விடவில்லை, ஓரத்தில் துணியைத் திணித்தால் ஆடாது என்றார்.

"துணியில பாகு எறங்கும். பாகு எறங்குனா எறும்பு வரும். எறும்பு வந்தா அந்த இன்ஸ்பெட்டரு மறுபடி வருவாரு" என்றாள் அம்மா. சட்டத்தில் ஒரு துண்டு அப்படிப் போயிற்று.

மாமாவுக்குச் சுருக்கென்றது. பையைத் துழாவி இருப்பதிலேயே சின்ன உளியை எடுத்து, கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டு தீட்டென்று தீட்டி, கொட்டாப்புளியால் தட்ட ஆரம்பித்தார். உளியென்றால் நாம் நினைத்த அகலத்துக்கு வெட்டலாம், இழைப்புளிதான் தன் அகலத்தைவிட்டு இறங்கிவராது என்று எங்களுக்கு விளக்கம் வேறு. அவர் சொன்னது சரிதான். ஆனால் மரத்தின் நார் ஓடுகிற வாக்கிலேயே ஒடுக்கமாக வெட்டிக்கொண்டு போனால் உளி சும்மா இருக்குமா? ஒரு சாண் நல்லபடியாகப் போயிற்று. அப்புறம் ஒரு தட்டு, "சடக்" என்று சட்டம் முனைவரைக்கும் பிளந்துகொண்டது. மீதியிருந்தது இரண்டு சட்டத்துக்கு மட்டும் போதுமான மரம். அதுவும் போனால் அடுத்த மரத்துக்கு மாமா திண்டிவனம் போய் வர வேண்டும், அதற்குள் உத்திரம் முடிந்துவிடும்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விடுக்கா, நாலு ஆணிய அடிச்சி நிறுத்திடறேன். பேஜாரு புடிச்ச வேலை" என்றார். பிளந்த துண்டை நறுக்கி அடுப்புக்காவது வைத்துக்கொள்ளலாம் என்று அவர் அதை ரம்பத்தால் பாதி அறுத்துவிட்டு அப்படியே வைத்திருந்தார். அம்மாவுக்குக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. முடிந்துகொள்ள இரண்டு கையும் வேண்டுமே என்று, கையிலிருந்த காலணாவை ஏதோ நினைவில் அந்த ரம்பம் அறுத்த வெட்டுக்குள் செருகினாள். செருகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். காசு விளிம்பில் கொஞ்சம் இறங்கி, மேலே போக இடமில்லாமல் நின்றது. அவள் முடிந்த கொண்டையை விட்டுவிட்டு அதையே பார்த்தாள்.

"டேய் கோவிந்து, இந்த ரம்பம் போன தடமே போதும்டா எனக்கு. இன்னும் ஒரு நூலு அகலமா போவுமா?"

மாமா சிரித்துவிட்டார். ரம்பம் மரத்தை இரண்டாக்குவதற்கு, காடி ஓட்டுவதற்கா, பட்டறையில் கேட்டால் என்னைத் துரத்தி அடிப்பார்கள் என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே காலணாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் விறகறுத்த அந்த ரம்பத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பையைத் துழாவினார். முதுகில் பித்தளைப் பட்டை வைத்த ஒரு சின்ன ரம்பம் அவரிடம் இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு அதன் பற்களை ஓர் ஆணி முனையால் ஒன்றை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என்று இன்னும் கொஞ்சம் சாய்க்க ஆரம்பித்தார். பல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு அகலமாகத் தடம் விழும். கொஞ்சம் சாய்ப்பார், பிளந்த துண்டில் அறுப்பார், காசைப் போடுவார், இறுக்கம். மறுபடி சாய்ப்பார். அவருடைய நல்ல ரம்பம் அது, நுணுக்க வேலைக்கென்று வைத்திருந்தது; அப்படிப் பல்லை விரித்துவிட்டால் பிறகு அதில் சுத்தமான அறுப்பு வராது. எனக்கு அது அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் போதும் போதும் என்றாள். "இரு அக்கா, அரையும் குறையுமா விட்டா ஒடைஞ்சி போவும்" என்று சொல்லிவிட்டு மாமா தலையை நிமிர்த்தாமல் வேலை செய்தார்.

கடைசியில் காலணா "சர்ர்" என்று இறங்கியது. ஆடவில்லை, இறுகவுமில்லை. மாமா நல்ல மரத்தை எடுத்து, ரம்பம் விலகாமலிருக்க ஓரமாக ஒரு குச்சியை ஆணியடித்து நிறுத்தி, எவ்வளவு ஆழம் என்பதற்கு ரம்பத்தின் மேல் சுண்ணாம்பால் கோடு இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தார். முதல் சட்டம் முடிந்து இரண்டாவதும் முடிகிறவரைக்கும் அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சட்டங்களைப் பெட்டியில் பூட்டி முடித்த பிறகுதான் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, படத்தின் பின்னால் இருந்த ஆணிகளைக் கழற்றினாள். கண்ணாடி வெளியே வந்தபோது அப்பாவின் முகம் என்னமோ பக்கத்தில் வந்துவிட்டது போல எனக்கு இருந்தது. அம்மா கண்ணாடியைக் காடிக்கு மேல் நிறுத்தி விரலை எடுத்தாள். அது தானாக இறங்கிப் போய் உட்கார்ந்தது. அம்மா மாமாவின் தலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள், மாமா அழுதுவிட்டார். ரம்பத்துக்காக அழுதாரோ, அக்காவுக்காக அழுதாரோ, அவருக்கே தெரியாது.

அந்த உத்திரத்துக்கு அம்மாவின் பெட்டி காலியாகிக் காலியாகி நிறைந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து தினமும் ராத்திரி கண்ணாடியை உருவிச் சீயக்காய் போட்டுக் கழுவிப் பழைய புடவையில் சுற்றி அப்பா படத்துக்குக் கீழே வைப்பாள், காலையில் எடுக்கும்போது, "எடுத்துக்கினு போறேன், பத்திரமா வெச்சிருக்கேன்" என்று படத்திடம் சொல்லிவிட்டுக் காடியில் இறக்குவாள். எனக்கு வாழ்க்கையில் சந்தோஷமான காலம் எது என்று கேட்டால், ஊரெல்லாம் ரேஷனும் பயமுமாக இருந்த அந்தச் சண்டைக் காலம்தான் என்று சொல்வேன். சொன்னால் என் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

சண்டை முடிந்து அப்பா வந்தார். பட்டண வண்டியிலிருந்து இறங்கி, எலும்பும் தோலுமாக, ஒரு துணி மூட்டையோடு ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார். நான் அவரைக் கண்டுபிடிக்கவில்லை, அம்மா கண்டுபிடித்தாள். பெட்டியின் பின்னால் உட்கார்ந்து உருண்டை எடுக்கக் குனிந்தவள் அந்தக் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தாள். கத்தவில்லை, ஓடவில்லை. கண்ணாடியை மேலே உருவி எடுத்தாள், முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள், என் கையில் கொடுத்து, "புடி, பத்திரம்" என்றாள். அதற்கப்புறம்தான் எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். சாயங்காலத்துக்குள் கண்ணாடி படத்தின் மேல் ஏறிவிட்டது. ஒரு கீறல் இல்லை.

அப்பா கெட்டவரில்லை. மூட்டையைப் பிரிக்கும்போதே, "நீ பட்டதெல்லாம் போதும். இனிமே எதுக்கு அங்க போய் ஒக்காந்துக்கினு" என்றார், அன்பாகத்தான் சொன்னார், அம்மாவும் தலையை ஆட்டினாள். அடுத்த மாதமே திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் அவருக்குக் கணக்கு வேலை கிடைத்து அங்கே குடிபோனோம். பெட்டியும் கூட வந்தது, அதில் கேப்பை மாவு வைத்தோம். அம்மா சமைத்தாள், அப்பாவுக்கு உடம்பைத் தேற்றினாள், ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு விழுப்புரத்து வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டது. மாவு எடுக்கக் குனிகிறபோது காடியில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டுவாள், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் தூசி துடைப்பதுபோல் பாவனை பண்ணுவாள். நான் ஏங்கியதெல்லாம் அந்த அம்மாவுக்கு. அவள் என்னோடு ஒரே வீட்டில் இருந்தபோதே அவளுக்காக ஏங்கினேன்.

அப்பா போய், படத்துக்குப் பூவும் பொட்டும் வந்து, அப்புறம் அம்மாவும் போய், கோவிந்து மாமாவும் போய்விட்டார். விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் அந்த மரம் இல்லை. படமும் பெட்டியும் திண்டிவனத்தில் என் வீட்டில் இருக்கின்றன. போன மாதம் அந்தப் பெட்டிக்கு ஒரு கண்ணாடி போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றி, தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் காடியை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சன்னமா எங்கிட்ட இல்லம்மா. காடிய கொஞ்சம் அகலமாக்கிடட்டா? மிசின்ல ஒரே ஓட்டுதான்" என்றான். கையை வைத்தாயோ, தெரியும் சேதி என்றேன். பாவம், பயந்துபோனான். அவனிடமிருந்த கனமான கண்ணாடியிலேயே ஒன்றை அப்பா படத்தின் அளவுக்கு அறுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். படத்துக்கு எந்தக் கனமானாலும் சரி, ஆணி பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் படத்தை இறக்கிப் பழைய கண்ணாடியைக் கழற்றினேன். பொட்டைத் துடைத்து, சீயக்காய் போட்டுக் கழுவினேன். தாத்தா படத்துக் கண்ணாடியை எடுக்கலாமா என்று என் மகள் பதறினாள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பழையதைப் பெட்டியின் மேல் நிறுத்தி விரலை எடுத்தேன். "சர்ர்" என்று இறங்கிப் போய் "டொக்" என்று உட்கார்ந்தது.

"எரவல்தான்" என்று மகளிடம் சொன்னேன். "அவரு வந்து கேட்டா குடுத்துடலாம்."